கரையாத நாலு

அக்டோபர் 26, ஞாயிறு.

இன்றைய தப்பு: அலைப் பலகையில் ஒரு மணி நேரம் கூட்டி எழுதிவிட்டேன். நேற்றோடு கோடை நேரம் முடிந்தது. ஊரே கடிகாரத்தை ஒரு மணி பின்னுக்குத் தள்ளி வைத்தது. நானும் வைத்தேன். ஆனால் கோடை நேரம் சேர்க்காமல் அச்சடித்த அலைக் கணக்கோடு கோடை முழுக்க ஒன்று கூட்டிக் கூட்டிப் பழகிய கை, இன்றும் கூட்டிவிட்டது. 'சாய்தளத்தில் நிற்கும் கார்களை 3 மணிக்குள் எடுக்கவும்' என்று எழுதுவதற்குப் பதில், 4. மத்தியானம் கவனித்தேன். அழித்துவிட்டு 3 போட்டேன். யாரும் பார்க்கவில்லை. யாருக்கும் நஷ்டமில்லை.

நாளைய வேலை:

மெரின் அதோடு பேனாவை நிறுத்தினாள்.

மணி அடித்தது!

படகு மணி. வழக்கமான மூன்று தட்டு இல்லை. விடாமல்... வெறி பிடித்ததுபோல்...

"மெரீன்...! ஓடி வா...! கார் போகுது...!"

படகோட்டி ஜாகோவின் குரல். அறுபத்தைந்து வயதுத் தொண்டை கிழிந்துகொண்டிருந்தது.

மெரின் ஓடினாள்.

இருபத்து மூன்று வயது மெரின்தான் போர்த்தெனிக் படகுத்துறை அலுவலகத்தின் ஒரே ஊழியர். அடுப்பை அணைத்தோமா என்று பார்க்க மூன்று தடவை வீட்டுக்குத் திரும்புகிற ரகம். புதன்கிழமைகளில் அக்கரை டவுனுக்குப் போய் மாலை வகுப்பில் டைரி எழுதக் கற்றுக்கொள்கிறாள். தேதி போடு, ஒரு தப்பை ஒப்புக்கொள், நாளைய வேலையை எழுதி நிறுத்து. வகுப்பு டீச்சர் சொன்ன விதி அவ்வளவுதான்.

அலுவலகத்தின் ஜன்னல் மேற்கே ஆற்றைப் பார்த்திருந்தது. சாய்தளம் கட்டடத்தின் கிழக்குப் பக்கம். படகு இறக்கும் கல் சரிவு அது. கடல் அலை ஏறும்போது தினம் இரண்டு தடவை மூழ்கும்.

அவள் மூலை திரும்பினாள்.

நின்றுவிட்டாள்.

வெள்ளி நிறக் கார் ஒன்று பாசியில் வழுக்கி, மூக்கை ஆற்றுக்குள் விட்டிருந்தது. கூரையின் பின்பாதி மட்டும் வெளியே...

"ரூபர்ட் காரு!" ஜாகோ படகிலிருந்து கயிற்றை வீசினார். "உள்ள இருக்கான்! கட்டு கண்ணு... அந்த இரும்புல கட்டு!"

கட்டினாள். யாரோ டிராக்டர் கொண்டுவந்தார்கள். பின் கண்ணாடி உடைந்தது. கதவு திறந்ததும் ஆறு வெளியே கொட்டியது.

ரூபர்ட் ஹாலம் இருக்கையைச் சாய்த்துப் படுத்திருந்தார். கண்கள் மூடியிருந்தன. ஒரு கையில் கண்ணாடி. மூக்கிலிருந்து கழற்றி, பத்திரமாகப் பிடித்தபடி.

ஜாகோ கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார்.

"போயிட்டான்."

கூட்டத்தில் ஒரு குரல் கேட்டது.

"பாவம் மனுஷன். பலகையைப் பாத்துட்டுத்தான் நிறுத்தியிருக்கார். நாலுன்னு போட்டிருக்கே!"

மெரின் திரும்பினாள்.

அலுவலகச் சுவரில் கறுப்புப் பலகை. அதில் அவள் கையால் அவளே எழுதிய வரி. 'கார்களை எடுக்கவும்...'

4 மணிக்குள்!

*

"இது உங்க எழுத்தா மிஸ்?"

இன்ஸ்பெக்டர் பெங்கெல்லி அலுவலக நாற்காலியில் நிரம்பி வழிந்தார். அக்கரை டவுனிலிருந்து வந்திருந்தார். கோட்டுப் பையிலிருந்து ஒரு குங்குமப்பூ பன்னை எடுத்து, பிய்த்துப் பிய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"மத்ததெல்லாம் என் எழுத்து சார். அந்த நாலும்... என்னோடதா இருக்கலாம்."

"இருக்கலாமா?"

"காலைல நாலுன்னு எழுதினேன். மத்தியானம் இந்த ஜன்னல் வழியா பாத்தேன். கட்டியிருக்கற படகெல்லாம் கடல் பக்கம் மூக்கைத் திருப்பியிருந்துது. தண்ணி ஏற ஆரம்பிச்சிடுச்சுன்னு அர்த்தம். ஒரு மணி நேரம் முன்னாடியே! அப்பத்தான் தப்பு புரிஞ்சுது. போய்த் திருத்தினேன்."

"திருத்தினீங்க?"

"திருத்தினேன்னு... நெனைக்கிறேன்."

"நெனைச்சீங்களா, திருத்தினீங்களா?"

மெரின் டைரியை நீட்டினாள். பெங்கெல்லி படித்தார். விரலில் ஒட்டியிருந்த பன் துணுக்கை அந்தப் பக்கத்திலேயே துடைத்தார்.

"இதை எப்ப எழுதினீங்க?"

"மூணரைக்கு."

"அவர் மூழ்கினது மூணு மணிக்கு மேல. அதுக்கப்புறம் 'திருத்திட்டேன், யாருக்கும் நஷ்டமில்லை'ன்னு எழுதி வெச்சிருக்கீங்க. இது டைரியா, முன்ஜாமீன் மனுவா?"

"எனக்கு அவர் செத்தது தெரியாது சார்!"

"ஞாயித்துக்கிழமை சாப்பாடு முடிஞ்சதும் ரூபர்ட் எங்க இருப்பார்னு தெரியுமா, தெரியாதா?"

தெரியும். ஊருக்கே தெரியும். பப்பில் ஆட்டு ரோஸ்ட் சாப்பிடுவார். கையில் காபியோடு சாய்தளத்துக்கு இறங்குவார். அடிமுனையில் நிறுத்திய காருக்குள் சாய்ந்துகொண்டு முகத்துவாரத்தைப் பார்ப்பார். அப்படியே ஒரு தூக்கம். பலகை சொல்லும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் எழுந்து காரை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

"தெரியும் சார்."

"நீங்க இருக்கற வீடு யாருது?"

"அவருது."

"கிறிஸ்மஸுக்குள்ள காலி பண்ணச் சொல்லியிருக்கார். சரிதானே?"

"என்னை மட்டுமில்ல சார். எங்க வரிசைல அத்தனை பேரையும். பப்பையும்தான். எல்லாத்தையும் விடுமுறை வீடா மாத்தப் போறாராம்."

"அத்தனை பேருக்கும் கோபம் இருக்கலாம். ஆனா பலகை எழுதற சாக்பீஸ் ஒருத்தர் கையிலதானே இருக்கு?"

மெரின் தன் விரல்களைப் பார்த்தாள்.

பெங்கெல்லி எழுந்தார். நாற்காலி பெருமூச்சு விட்டது.

"கை தவறி எழுதினா கவனக்குறைவு. தெரிஞ்சே எழுதினா கொலை. நாளைக்குக் காலைல முதல் படகுல வரேன். ரெண்டுல எதுன்னு முடிவு பண்ணி வைங்க. பலகையை யாரும் தொடக் கூடாது."

*

'கிழட்டு நண்டு' பப்பில் விளக்கு எரிந்தது.

மற்றபடி துறை முழுக்க இருட்டு. 'மீனவர் இளைப்பாறல்' என்று பெயர்ப்பலகை மாட்டிய வீட்டில் ஒரு மீனவனும் இளைப்பாறியதில்லை. 'வலை மாடி'யில் வலை இருந்தது, சுவரில் அழகுக்கு. லண்டன்காரர்கள் ஈஸ்டருக்கு வருவார்கள். அதுவரை இந்த ஊரில் எரிகிற ஜன்னல்கள் பதினொன்று.

தூறல் ஆரம்பித்திருந்தது. பப் வாசலில் நின்ற சாப்பாட்டுப் பலகை தூறலில் பளபளத்தது. 'கானாங்கெளுத்தி வறுவல். ஆட்டு ரோஸ்ட்.'

"உள்ள வாடி. நனையாதே." டாம்சின் அவளைத் தோளோடு அணைத்து இழுத்தாள்.

டாம்சினுக்கு முப்பத்திரண்டு வயது. பப்பை நடத்துபவள். ஜாகோவின் ஒரே மகள். மெரினுக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி கொண்டுவருகிற ஒரே ஆள்.

"நான் கொன்னுட்டேன் டாம்சின்."

"வாயை மூடு. ஒரு நம்பர் தப்பாப் போட்டே. அவ்வளவுதான்."

"திருத்தின மாதிரி ஞாபகம் இருக்கு... அழிச்சேன். மூணு போட்டேன். கை மணிக்கட்டெல்லாம் சாக்பீஸ் தூள். அதைக் கால்சட்டைல துடைச்சேன். இதெல்லாம் கனவா?"

"நீ அடுப்பை அணைச்ச மாதிரியும்தான் தினம் உனக்கு ஞாபகம் இருக்கு. நம்பறியா?"

மெரின் தலை குனிந்தாள்.

கணப்படுப்புக்குப் பக்கத்தில் ஜாகோ ஈரக் காலுறையைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"விடு கண்ணு. என் அப்பன் இந்த ஆத்துல மீன் பிடிச்சான். நான் டூரிஸ்ட் பிடிக்கிறேன். முப்பது வருஷத்துல எத்தனை காரு முங்கியிருக்குன்னு எனக்குத்தான் தெரியும். நம்ம ஊர்க்காரன் எவனாவது அந்தப் பலகையைப் பாத்திருக்கானா? படகு எந்தப் பக்கம் திரும்பியிருக்குன்னு பாப்பான், காரை எடுத்துட்டுப் போவான். வந்தவன்தான் பலகையை நம்புவான்."

"நம்பினதாலதானே ரூபர்ட் செத்தார், மாமா!"

ஜாகோ தாடையைச் சொறிந்தார். ஆறுதல் சொல்லப் போய் ஆப்பு வைத்துவிட்டது அவருக்கே புரிந்தது. எழுந்து கவுண்டருக்குப் போனார். அங்கே இருந்த ஜாம் பாட்டிலைத் தூக்கினார். கலங்கிய தண்ணீர். வாய்க்குக் கொண்டுபோனார்.

"அப்பா! அது சாக்பீஸ் ஊற வெச்சிருக்கற தண்ணி!"

"அப்படியா? ஜின்னோன்னு பாத்தேன்."

"கண்ணுல பட்டதெல்லாம் வாய்ல ஊத்துவீங்களா?"

"கண்ணு எரியுது. காலைல பாத்த என் தூக்க மாத்திரை டப்பாவை எங்கயோ வெச்சுத் தொலைச்சிட்டேன். பூனை தின்னுடுச்சோ என்னவோ. அதுதான் நாள் பூரா தூங்குது."

மெரினுக்கே சிரிப்பு வந்தது. உடனே அழுகை வந்தது.

டாம்சின் அவள் தலையைத் தடவினாள்.

"போய்ப் படுடி. காலைல உனக்கு டீ கொண்டுவரேன். சர்க்கரை தூக்கலா."

*

இரவு முழுக்க மழை அடித்து ஊற்றியது.

காலை ஏழரை. வானம் வெளுத்திருந்தது. தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தது. சேற்றில் பறவைகள் குச்சிக் காலோடு நடந்தன. அக்கரையில் ஜாகோவின் படகு இன்னும் அசையவில்லை.

மெரின் ஒரு பையில் துணிகளை வைத்து எடுத்து வந்திருந்தாள். இரண்டு செட். பல் துலக்கும் பிரஷ். ஸ்டேஷனில் எத்தனை நாள் வைப்பார்கள் என்று தெரியாது.

மூலை திரும்பினாள்.

பலகையைப் பார்த்தாள்.

பையைக் கீழே வைத்துவிட்டுக் கிட்டப் போனாள்.

மழை எல்லாவற்றையும் கழுவிவிட்டிருந்தது. தேதி இல்லை. அலை நேரம் இல்லை. 'கார்களை எடுக்கவும்' இல்லை. கன்னங்கரேலென்று வெறும் பலகை...

நடுவில் ஒரே ஒரு எழுத்து மட்டும். வெள்ளை வெளேரென்று.

4.

"கடவுளே..."

செய்த பாவம் கழுவினாலும் போகாதா? இரண்டடி பின்னால் நகர்ந்தாள். ஓடிவிடலாம் போலிருந்தது.

அப்புறம் அவளுக்குள் இருந்த அந்த மூன்று தடவை அடுப்புப் பார்க்கிற பெண் விழித்துக்கொண்டாள்.

'திரும்பப் போய்ப் பார்.'

பார்த்தாள். அவளுடைய சாக்பீஸ் சாதாச் சாக்பீஸ். தூறல் பட்டாலே ஒழுகும். மழை பெய்த மறுநாளெல்லாம் முழுப் பலகையையும் புதிதாக எழுதித்தான் பழக்கம். ஒரு முறைகூட ஓர் எழுத்துத் தங்கியதில்லை.

அப்படியானால் இது மட்டும் ஏன்?

கட்டைவிரலால் தேய்த்தாள். நகரவில்லை. நகத்தால் சுரண்டினாள். மெழுகுபோல் ஒரு சிலும்பு உரிந்து வந்தது.

யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, விரலை நாக்கில் வைத்தாள்.

இனித்தது!

மெரின் மெதுவாகத் தலையைத் திருப்பினாள். துறையின் அந்தப் பக்கம் பப் வாசல். ராத்திரி மழை முழுவதையும் வாங்கிக்கொண்டு நின்ற சாப்பாட்டுப் பலகை. 'கானாங்கெளுத்தி வறுவல். ஆட்டு ரோஸ்ட்.' ஓர் எழுத்து கரையவில்லை. ஒரு புள்ளி கலையவில்லை.

ஜாம் பாட்டிலில் ஊறும் சாக்பீஸ்... சர்க்கரைத் தண்ணீர்! மழையில் அழியாமலிருக்க!

'திருத்தினேன்!' அவள் மறுபடி பலகையைப் பார்த்தாள். 'நான் திருத்தினேன்! மூணு போட்டேன்! அதை யாரோ அழிச்சு மறுபடி நாலு போட்டிருக்காங்க!'

யாரோ இல்லை.

பப்பின் ஜன்னலில் ஒரு முகம் இருந்தது. அவளையே பார்த்துக்கொண்டு. எவ்வளவு நேரமாக என்று தெரியாது.

டாம்சின் கையசைத்தாள். பிறகு ஜன்னலிலிருந்து மறைந்தாள்.

மெரின் செல்போனை எடுத்தாள். சிக்னல் இல்லை. படகுத்துறையின் கோடிக்குப் போனால்தான் இந்த ஊரில் சிக்னல். கோடிக்குப் போக வேண்டுமானால் பப்பைத் தாண்டிப் போக வேண்டும்.

அக்கரையில் மணி மூன்று தட்டு தட்டியது. ஜாகோ புறப்படுகிறார். இன்ஸ்பெக்டர் அதில்தான் வருகிறார். ஆற்றைக் கடக்கப் பத்து நிமிஷம்.

பத்து நிமிஷம் இந்த நாலைக் காப்பாற்றினால் போதும்!

பப் கதவு திறந்தது.

டாம்சின் வந்தாள். ஒரு கையில் ஆவி பறக்கும் பீங்கான் கப். மறு கையில் ஆவி பறக்கும் வாளி. அக்குளில் தேய்க்கிற பிரஷ்.

"சொன்னேனில்ல, டீ கொண்டுவரேன்னு. இந்தா, பிடி."

மெரின் கப்பை வாங்கிக்கொண்டாள். டீ தளும்பியது.

"வாளி எதுக்கு?"

"அந்த நாலைப் பாத்துப் பாத்து நீ வெந்து போறே. ஜன்னல்ல இருந்து பாத்தேன். கழுவி விட்டுடறேன்."

"இன்ஸ்பெக்டர் தொடக் கூடாதுன்னார்."

"மழையே தொட்டாச்சு. நான் தொட்டா என்ன?"

"அப்ப பச்சைத் தண்ணி போதுமே. ஏன் வெந்நீர்?"

டாம்சினின் சிரிப்பு அப்படியே இருந்தது. கண்கள் மட்டும் கப்புக்குப் போய்த் திரும்பின.

"குளிருதுடி. பச்சைத் தண்ணில யாரு கை வைப்பா? குடி, ஆறிடும்."

"சூடா இருக்கு."

"ஊதிக் குடி."

மெரின் ஊதினாள். முதுகைப் பலகையோடு ஒட்டி நின்றுகொண்டாள். படகின் மோட்டார் சத்தம் ஆற்றின் நடுவிலிருந்து கேட்டது.

"டாம்சின்... ரூபர்ட்டுக்கு நேத்து காபி நீதானே போட்டுக் கொடுத்தே?"

"வாராவாரம் நான்தான் போடறேன்."

"அவர் தூங்கினா நாய் குரைச்சாலே முழிச்சிடுவார். தண்ணி கழுத்துக்கு வர்ற வரைக்கும் எப்படித் தூங்கினார்?"

"ஒயின் ஜாஸ்தி குடிச்சார்."

"கண்ணாடியைக் கழட்டி அழகாக் கையில பிடிச்சிருந்தார். பதறவே இல்ல."

"நகருடி."

"ஜாகோ மாமாவோட மாத்திரையை பூனை தின்னலையே?"

சிரிப்பு போய்விட்டது.

டாம்சின் ஓரடி முன்னால் வந்தாள். குரல் தாழ்ந்தது. கெஞ்சுகிற குரல். அதுதான் மெரினை அதிகம் பயமுறுத்தியது.

"ஜனவரில இந்த ஊர்ல எரியற ஜன்னல் பதினொண்ணு. அதுல ஒம்பதை அவன் அணைக்கப் பாத்தான். உன்னோடதையும் சேத்துத்தான். தப்பா எழுதினதுக்கு யாரும் யாரையும் தூக்குல போட மாட்டாங்க மெரின். வேலை போகும், திட்டு விழும், அவ்வளவுதான். வீடு மிஞ்சும். நீ மட்டும் கொஞ்சம்... உன் புத்தியை நம்பாம இருந்திருந்தா..."

"நான் நம்பலைதான். உன் சாக்பீஸைத்தான் நம்பினேன்."

வாளி பறந்தது!

வெந்நீர் பலகையில் மோதித் தெறித்தது. மெரின் விலகித் துள்ளினாள். கப்பை மட்டும் விடவில்லை. டாம்சின் பிரஷோடு பாய்ந்தாள். நாலு தேய்ப்பு. வெள்ளையாக வழிந்தது. கரைந்தது.

பலகை கறுப்பு.

சுத்தம்!

படகு கல்லில் உரசி நின்றது. இன்ஸ்பெக்டர் பெங்கெல்லி தடுமாறி இறங்கினார். பின்னால் ஜாகோ, கயிற்றோடு.

"என்ன நடக்குது இங்க?"

"அந்த நாலைப் பாத்துப் பாத்து பொண்ணு அழுதா சார்." டாம்சின் மூச்சு வாங்க நெற்றியைத் துடைத்தாள். "மனசு கேக்கலை. கழுவிட்டேன். தப்பா?"

"சார், அது சர்க்கரைத் தண்ணில ஊறின சாக்பீஸ்!" மெரின் கத்தினாள். "மழைல கரையல! நக்கிப் பாத்தேன், இனிச்சுது! நான் திருத்தின மூணை அழிச்சிட்டு டாம்சின்தான் நாலு போட்டிருக்கா!"

பெங்கெல்லி வெறும் பலகையைப் பார்த்தார். மெரினைப் பார்த்தார். அவள் கொண்டுவந்திருந்த துணிப்பையைப் பார்த்தார்.

"எந்த நாலு?"

"இப்ப... இப்ப அழிச்சிட்டா சார்!"

"நேத்து மூணைக் காணோம்னீங்க. இன்னைக்கு நாலைக் காணோம்கறீங்க. நாளைக்கு அஞ்சா?"

"ராத்திரி பூரா தூங்கலை போல சார்." டாம்சின் தலையை ஆட்டினாள். "கோவிச்சுக்காதீங்க. ரொம்ப நொந்து போயிருக்கா. ஏதாவது பண்ணிக்குவாளோன்னு எனக்குப் பயமா இருக்கு."

மெரினுக்கு அப்போதுதான் முழுசும் புரிந்தது.

ஏதாவது பண்ணிக்குவாளோ...

டீ. தூக்கம். மறுபடி ஏறப்போகிற தண்ணீர். குற்ற உணர்ச்சியில் ஆற்றில் விழுந்த துறை ஊழியர். ஊரே நம்பும். அவளே பாதி நம்பியிருப்பாள்!

கையில் கப் இன்னும் சூடாக இருந்தது. ஒரு சொட்டும் குடிக்கவில்லை.

பலகையில் இருந்த சாட்சி அழிந்துபோய்விட்டது. ஆனால் இன்னொரு சாட்சி கையிலேயே இருக்கிறது! இன்ஸ்பெக்டரிடம் நீட்டினால்? அவர் வாங்குவதற்குள் ஒரு தட்டுத் தட்டினால் போச்சு. கல்லில் கொட்டிய டீயை யார் பரிசோதிப்பது?

டாம்சின் தட்ட முடியாத கை ஒன்று வேண்டும்.

மெரின் திரும்பினாள்.

"ஜாகோ மாமா. நடுங்கறீங்களே. இந்தாங்க... டீ. சூடா இருக்கு."

"மகராசியா இரு கண்ணு!"

ஜாகோ கயிற்றைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் கப்பை வாங்கினார். மெரின் டாம்சினின் முகத்தை மட்டும் பார்த்தாள். தன் வலது கையைக் கப்புக்குக் கீழே தயாராக வைத்துக்கொண்டாள்.

ஜாகோ முகர்ந்தார்.

"சர்க்கரை தூக்கலா இருக்கும் போலயே..."

உதட்டுக்குக் கொண்டுபோனார்.

டாம்சின் அசையவில்லை.

கப் சாய்ந்தது.

"அப்பா...! குடிக்காதீங்க...! அப்பா!!"

சேற்றில் நடந்த பறவைகள் எல்லாம் ஒரே நேரத்தில் எழும்பிப் பறந்தன.

ஜாகோவின் கை அந்தரத்தில் நின்றது. மெரின் கப்பை எடுத்துக்கொண்டாள். சிந்தாமல். பெங்கெல்லியின் கையில் வைத்தாள்.

கல்லில் வெந்நீர் வழிகிற சத்தம் மட்டும்.

"ஏன்டா தங்கம்?" ஜாகோ மகளைப் பார்த்தார். "டீதானே?"

டாம்சின் கவிழ்ந்த வாளியின் மேல் உட்கார்ந்தாள். முகத்தை மூடிக்கொண்டாள்.

"என் மாத்திரையா?"

விரல்களுக்கு நடுவிலிருந்து குரல் வந்தது.

"பப்பைத் தரமாட்டேன்னுட்டான்ப்பா. காலைல பலகைல தப்பா இருந்ததைப் பாத்தேன். அப்பத்தான் தோணுச்சு. சாப்பாடு போடறப்ப எட்டிப் பாத்தா இவ திருத்தியிருக்கா... பாதி வேலை முடிஞ்சுது. மாத்திரை காபில கரைஞ்சாச்சு. எப்படி விடறது? கவுண்டர்ல கைக்குக் கிடைச்ச சாக்பீஸை எடுத்துட்டு ஓடினேன்."

"அவளுக்கும் கொடுத்தியே தங்கம்... அவ நம்ம மெரின்."

டாம்சின் இன்னும் குனிந்தாள்.

பெங்கெல்லி கப்பின் மேல் தன் தொப்பியைக் கவிழ்த்து மூடினார். மெரின் பக்கம் திரும்பி, தொண்டையைச் செருமினார்.

"மிஸ்... அந்த டைரில பன் துணுக்கு ஒட்டியிருக்கும். அதுக்கு மன்னிக்கணும்."

"டைரியை இப்ப நம்பறீங்களா சார்?"

"டைரியை விடுங்க. நீங்க நம்பறீங்களா?"

மெரின் யோசித்தாள். வழக்கத்தைவிடக் குறைவாகவே யோசித்தாள்.

"திருத்தினேன் சார்."

மத்தியானம் படகு திரும்பிப் போனபோது ஜாகோ ஓட்டவில்லை. முன்பக்கம் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், அவள் தோளில் தன் கோட்டைப் போர்த்தி. சுக்கான் பிடித்தது மெரின்தான். ஆற்று நடுவில் கட்டியிருந்த படகுகள் மெல்ல மெல்லக் கடல் பக்கம் மூக்கைத் திருப்பிக்கொண்டிருந்தன.

*

அக்டோபர் 27, திங்கள்.

இன்றைய தப்பு: ஜாகோ மாமாவின் கையில் அந்தக் கப்பைக் கொடுத்தது. டாம்சின் கத்தியிருக்காவிட்டால் தட்டிவிட்டிருப்பேன். தட்டிவிட்டிருப்பேன் என்று நினைக்கிறேன்.

நாளைய வேலை: எட்டு மணிக்கு அலைப் பலகை எழுத வேண்டும். ஒரு மணி நேரம் கூட்டக் கூடாது. டீயில் சர்க்கரையும்!